சுண்ணாம்புக் கோட்டு வீடு

"மோகன்ராஜ் சார் வீடியோ அனுப்பிட்டாரு. ஜன்னல் திரை காத்துல ஆடுறதுகூட தெரியுது. நீங்க என்ன காட்டப் போறீங்க ஷீலா?" என்று கோகிலவாணி போனில் கேட்டபோது ஷீலா பம்மல் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள். யோசிக்கவில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"வீட்டையே காட்டுறேன் மேடம். ஞாயித்துக்கிழமை உங்க ஃபிளாட் மொட்டை மாடிக்கு வாங்க."

அனகாபுத்தூரில் இறங்கும்போதுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

அவளிடம் வீடியோ காட்ட வழி கிடையாது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப், கோடு போட்ட படம் வரைக்கும் தாங்கும். சுவருக்கு ஒரு கலர் கொடுத்தால் போதும், உள்ளே காற்றாடி ஊளையிடும், திரை கறுக்கும், அதோடு உயிரை விட்டுவிடும். தனியாக டிசைன் வேலை ஆரம்பித்த இரண்டு மாதத்தில் மூன்று பார்ட்டிகள் வந்த வழியே திரும்பிப் போனார்கள். "த்ரீடி இல்லையா? ஆபீஸ் எங்க?" அவ்வளவுதான் பேச்சு.

அதற்கு முன்னால் நாலு வருஷம் கோவிலம்பாக்கத்தில் ஒரு மாடுலர் கிச்சன் ஷோரூமில் வேலை. பெயருக்கு சைட் கோஆர்டினேட்டர். அளவெடுக்க டேப் பிடிப்பாள், கார்பெண்டர்களோடு மல்லுக்கட்டுவாள், டிசைனர் மோகன்ராஜ் போட்ட படத்தில் கதவும் கதவும் இடித்தால் சத்தமில்லாமல் திருத்தி வைப்பாள். தாம்பரத்தில் சாயங்கால வகுப்புக்குப் போய் வாங்கிய இன்டீரியர் டிசைன் டிப்ளமோ பையிலேயே மடிந்து கிடந்தது. ஒருநாள் ஷோரூமுக்கு வந்த கோகிலவாணியிடம், "அடுப்பை ஜன்னலுக்கு நேரா வெச்சா காத்துக்கு அணைஞ்சுடும் மேடம்" என்று சொல்லிவிட்டாள். மோகன்ராஜ் முகம் சிவந்து, பார்ட்டிக்கு எதிரிலேயே சொன்னார்: "டேப் புடிக்கத்தான் உன்ன வெச்சிருக்கேன். படம் போட இல்ல."

ஷீலா டேப்பை மேஜைமேல் வைத்துவிட்டுப் படி இறங்கினாள். பின்னாலேயே வந்து நம்பர் வாங்கிக்கொண்டது கோகிலவாணிதான்.

வீட்டில் மாமியார் ஞானம்மாள் கருவாட்டுத் தொக்கு கிளறிக்கொண்டிருந்தாள். பம்மலில் தோல் பதனிடும் ஷாப்பில் இருபது வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் கைவிட்டு வேலை பார்த்தவள். விரல் நுனியில் ரேகை கிடையாது. ரேஷன் கடை மெஷின் அவள் கையை ஏற்காது. நாக்குக்கு மட்டும் எந்தத் தேய்மானமும் இல்லை.

"வூட்டையே காட்றேன்னு சொன்னியா? எத்தினி லோடு கல்லு வாங்கி வெச்சிகினுகீறடி?"

"கல்லு வேணாம் அத்த. சுண்ணாம்பு போதும்."

"சுண்ணாம்பா? வெத்தலை போடப் போறியா?"

ஷீலாவின் புருஷன் ஜெரோம் தண்ணி லாரி ஓட்டுபவன். அப்போதுதான் கடைசி டிரிப் முடித்துக் கால் கழுவிக்கொண்டிருந்தான். "அம்மா, நீ சும்மா கெட" என்றான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான். "ஒண்ணாந் தேதிக்கு எட்டு நாள் கீது ஷீலா. அதுக்குள்ள ஒரு வேலை வரலன்னா ஷோரூமுக்கே போயிடறேன்னு நீதான் சொன்ன. நான் ஒண்ணியும் சொல்லல."

"நாந்தான் சொன்னேன்."

"அந்தாளு மெசேஜ் போட்டாரா?"

"போட்டாரு. பழசை மறந்துடலாம், ஒண்ணாந் தேதி வந்துடுன்னு."

ஜெரோம் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். போனால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மறுபடி நாலு வருஷம் டேப். அப்புறம் இன்னொரு நாலு வருஷம். வாய் திறக்கக்கூடாது என்பது மட்டும் கூடுதல்.

ஷீலாவின் அம்மா சித்தாள். பள்ளிக்கூட லீவில் ஷீலாவும் கல் சுமந்திருக்கிறாள். உச்சந்தலையில் முடி இன்றைக்கும் அந்த இடத்தில் மட்டும் மெலிசு. சைட்டில் அவளுக்குப் பிடித்தது மார்க்கிங் போடும் நாள். முளையடித்து, நூல் கட்டி, வெறும் மண்ணில் சுண்ணாம்புத் தூளால் கோடு இழுத்துவிட்டால் போதும், அந்த நிமிஷமே வேலைக்காரர்கள், "கிச்சன்ல தண்ணி வெச்சிருக்கேன் எடு", "ஹால்ல குந்திகினு இன்னா பண்ற?" என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். சுவர் இருக்காது, கூரை இருக்காது. வீடு வந்துவிட்டிருக்கும்.

அதைத்தான் மொட்டை மாடியில் போடப்போகிறாள்.

மேடவாக்கத்தில் அந்த ஃபிளாட் கட்டிடம் நிற்கும் இடம் முன்பு கோகிலவாணியின் அப்பா துளசிங்கம் நெல் போட்ட கழனி. பில்டருக்குக் கொடுத்து, பங்காக ஃபிளாட் வாங்கியிருந்தார். நாலாவது மாடியில் ஒன்றில் குடியேறப் போவது ஆறு பேர்: துளசிங்கம், அவர் பெண்சாதி அங்காளம்மாள், பள்ளிக்கூட டீச்சரான கோகிலவாணி, வாரக்கடைசியில் ஓசூரிலிருந்து வந்து போகும் அவள் புருஷன், இரண்டு பிள்ளைகள். சாவி அடுத்த வாரம்தான் கைக்கு வரும். உள்ளே போய் அளக்க முடியாது. பிரோஷரில் அச்சடித்த அளவை ஷீலா நம்ப மாட்டாள். சைட் சூப்பர்வைசர் ஞானையாவிடம் கெஞ்சி, கொத்தனார்கள் கையில் வைத்து வேலை செய்த படத்தை வாங்கி வந்தாள். சிமெண்ட் கறை பிடித்த படம் பொய் சொல்லாது என்பது அவள் எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் தண்ணி லாரி மேடவாக்கம் போய்ச் சேர்ந்தது. ஜெரோம் அந்த ஒரு நாள் டிரிப்பை இன்னொரு டிரைவர் தலையில் கட்டியிருந்தான். கேபினில் சுண்ணாம்பு மூட்டை, காவிப் பொடி, நூல் கண்டு, அடியில் ஆணியால் ஓட்டை போட்ட பால் பவுடர் டப்பா. நடுவில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு ஞானம்மாள். யாரும் கூப்பிடவில்லை. "நீங்க ரெண்டு பேரும் அங்க இன்னா கூத்து கட்றீங்கன்னு நானும் பாக்கறேன்" என்று ஏறிக்கொண்டாள்.

மாடியில் இன்னும் குளிர்ச்சி மிச்சமிருந்தது. ஒரு மூலையில் தண்ணித் தொட்டி, இன்னொரு மூலையில் கட்டி மிஞ்சிய வெள்ளை பிளாக்குகளும் பலகை, சட்டங்களும் அடுக்காகக் கிடந்தன. ஷீலா சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு முதல் மூலையைப் பிடித்தாள். மூணு அடி, நாலு அடி, குறுக்கே அஞ்சு அடி. மூலை மட்டம் சரி. ஜெரோம் நூலை இழுத்துப் பிடிக்க, அவள் குனிந்து டப்பாவைத் தட்டிக்கொண்டே பின்னால் நடந்தாள். வெள்ளைக் கோடு மாவு போல விழுந்துகொண்டே வந்தது. ஏழு மணிக்குக் காற்று கிளம்பியது. போட்ட கோடு புகையாகப் பறந்தது.

"அட சனியனே" என்றாள் ஷீலா.

"தண்ணி தெளிச்சிட்டு போடுடி" என்றாள் ஞானம்மாள். "வாசல்ல கோலம் போட்டதே இல்லாத மாரி பேஜார் பண்ற." அவளே வாளியில் தண்ணி பிடித்துக் கையால் தெளித்துக்கொண்டு முன்னே போனாள். ஈரத்தில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது.

எட்டரைக்கு மாடியில் ஒரு வீடு படுத்திருந்தது. ஹால், இரண்டு பெட்ரூம், பாத்ரூம், கிச்சன், கிச்சனுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் சின்ன பால்கனி. கட்டில், சோபா, பீரோ எல்லாம் காவிப் பொடியில் சதுரம் சதுரமாக.

ஒன்பதுக்குக் கோகிலவாணி அப்பா அம்மாவோடு வந்தாள். துளசிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே பெட்ரூமிலிருந்து பாத்ரூமைக் கடந்து கிச்சனுக்குள் நடந்தார்.

"ஐயா, செவுத்துல பூந்து வர்றீங்க. கதவு அந்தாண்ட கீது" என்றான் ஜெரோம்.

"எங்க கழனிடா இது. நான் எப்பிடி வேணா போவேன்."

கோகிலவாணி சிரித்துவிட்டாள். ஷீலா அவளைக் கட்டிலைச் சுற்றி நடக்கவைத்தாள், பீரோ கதவைத் திறப்பதுபோலக் கையை விரிக்கச் சொன்னாள். ஆறு பேருக்கும் சாப்பாட்டுத் தட்டு எங்கே வரும் என்று காட்டினாள். பிறகு மோகன்ராஜின் படத்தில் டைனிங் டேபிள் இருந்த இடத்தையும் அதே ஹாலில் காவியால் போட்டாள். கோகிலவாணி நாற்காலியில் உட்கார்வதுபோல் குந்திப் பார்த்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் பெட்ரூம் கதவுக் கோடு.

"நான் உக்காந்தா பசங்க ரூமை விட்டு வெளிய வர முடியாது போலிருக்கே! வீடியோல எவ்ளோ இடம் இருந்துச்சு!"

"வீடியோ எடுத்தவரு செவுத்துக்கு வெளிய நின்னுக்கினு எடுத்திருப்பாரு மேடம். கம்ப்யூட்டர்ல அது முடியும்."

அங்காளம்மாள் கிச்சனை விட்டு நகரவில்லை. அடுப்பு இங்கே, அரிசி டப்பா இங்கே, கிரைண்டர் இங்கே என்று காற்றில் வைத்து வைத்து எடுத்தாள். முகம் மலர்ந்திருந்தது. "நல்லா விசாலமா கீது கண்ணு. நானும் கோகிலாவும் ஒண்ணா நின்னு வேலை செய்லாம்."

கோகிலவாணி அம்மாவைப் பார்த்தாள், ஷீலாவைப் பார்த்தாள். "எனக்கு ஓகே ஷீலா. மோகன்ராஜ் சாருக்கு நான் சொல்லிடறேன்."

ஜெரோமுக்கு வாயெல்லாம் பல். ஞானம்மாள்கூட தூக்குவாளியைத் திறக்கத் தயாரானாள்.

துளசிங்கம் கோட்டைக் கால் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டு நின்றார். "இன்னாம்மா, பில்டரு செவுரு எழுப்பிக்கிறானா, இல்ல அப்பளம் நட்டு வெச்சிக்கிறானா? இவ்ளோதான் தடிமனா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஷீலாவும் சிரிக்க வாயெடுத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

சுவர் தடிமன்.

கொத்தனார் படத்தில் அளவு எப்போதும் சுவரின் நடுவிலிருந்து அடுத்த சுவரின் நடுவுக்கு. சுண்ணாம்புக் கோடு விழுவது சுவரின் நட்டநடுவில். கோட்டுக்கு அந்தப் பக்கம் பாதிக் கல், இந்தப் பக்கம் பாதிக் கல். அதன்மேல் பூச்சு. சின்ன வயசிலிருந்து பார்த்துப் பழகிய கை, சைட்டில் போடுவதுபோலவே போட்டுவிட்டது. ஷோரூமில் இருக்கும் எந்தப் படித்த டிசைனரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். அவனுக்கு அந்தப் படத்தைப் படிக்கவே தெரியாது. வெளிச்சுவர் ஒன்பது அங்குலம், உள்சுவர் நாலரை. ஷீலா மனசுக்குள் கழித்துப் பார்த்தாள். கிச்சன் எட்டடி இல்லை. ஏழடி நாலு அங்குலம்.

அங்காளம்மாள் சந்தோஷமாக நிற்கும் இடத்தில் எட்டு அங்குலம் சுவருக்குள் இருக்கிறது.

ஜெரோம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நெருங்கி வந்தான். இரண்டு வார்த்தையில் அவனிடம் சொன்னாள். அவன் குரலைத் தாழ்த்தினான். "வாய மூடிக்கினு இரு. ஓகே சொல்ட்டாங்க. சாவி வரட்டும், அப்பால பாத்துக்கலாம்."

அப்பால பாத்துக்கலாம். நாலு வருஷம் தினமும் காதில் விழுந்த வார்த்தை அது. பார்ட்டியிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் சைட்டில் போய் அறுத்து ஒட்டியது இவள்தான்.

"மேடம்" என்றாள். "நான் தப்பு பண்ணிட்டேன். நீங்க பாக்குற ரூம் எதுவும் இவ்ளோ பெருசு இல்ல."

சுவர்க் கணக்கை முழுசாகச் சொன்னாள். முதலில் வெடித்தது துளசிங்கம்தான்.

"அப்ப பொய் வூட்டையா காமிச்ச? ஞாயித்துக்கிழமை அதுவுமா எங்கள வெயில்ல இட்டாந்து டபாய்க்கிறியா?"

"டபாய்க்கிறவ ஏன்யா தானே சொல்லப்போறா?" என்று ஞானம்மாள் குறுக்கே வந்தாள். "வாய மூடிக்கினு இருந்திருந்தா உனுக்குத் தெரியுமா?"

"அத்த, நீங்க இருங்க."

கோகிலவாணி போனை எடுத்து மோகன்ராஜைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், ஒரே ஒரு டவுட். கிச்சன் உள்ளளவு என்ன? பூச்சுக்கு அப்புறம்?"

"மேடம், சண்டேல... அதெல்லாம் ஆர்டர் கன்ஃபர்ம் ஆனதும் சைட்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

"அட்ஜஸ்ட்னா எதை?"

"அங்க இங்க கொஞ்சம் சின்னதாகும். வீடியோல பாத்தீங்களே, அந்த லுக் மாறாது."

"லுக் சரி சார். எங்கம்மா உள்ள நின்னு திரும்ப முடியுமா?"

"ஓ, அம்மாதான் சமைக்கிறாங்களா?" என்றார் மோகன்ராஜ். "குக் வெச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்."

கோகிலவாணி போனைப் பைக்குள் போட்டாள். ஷீலாவிடம் குரல் கறாராகத்தான் இருந்தது. "நிஜ அளவு என்னன்னு காட்டுங்க. பத்தலன்னா பத்தலன்னு சொல்லுங்க. அப்புறம் முடிவு பண்ணலாம். ஓகே சொன்னதை இப்போ மறந்துடுங்க."

வெயில் ஏறியிருந்தது. ஷீலா சுற்றும் முற்றும் பார்த்தாள். மறுபடி சுண்ணாம்பு போட்டால் கிழவர் மறுபடி சுவருக்குள் நடப்பார். மூலையில் கிடந்த பிளாக்குகளிடம் போனாள். ஒன்பது அங்குலக் கல் தனி, நாலரை அங்குலக் கல் தனி. துப்பட்டாவை உருவி, சும்மாடு சுருட்டித் தலையில் வைத்தாள். ஒரு கல்லைத் தூக்கி முழங்காலில் ஏற்றி, அங்கிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து தலைக்கு ஏற்றினாள். பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. கழுத்து மறக்கவில்லை.

"ஏய், வெச்சிடு, நான் தூக்கறேன்" என்று ஜெரோம் ஓடிவந்தான்.

"நீ சின்னக் கல்லை எடு. கோடு நடுவுல வர்ற மாரி வை. ரெண்டு பக்கமும் சரியா."

ஒரே வரிசைதான். முழங்காலுக்கும் கீழே. கிச்சன், பின் பால்கனி, ஹாலின் முன்சுவர். சுண்ணாம்புக் கோடுகள் ஒவ்வொன்றாகக் கல்லுக்கு அடியில் மறைந்தன. பூச்சுக்கு அரை அங்குலம் என்று கல்லை ஒட்டி மரச்சட்டம் போட்டாள். ஞானம்மாள் கல்லைத் தூக்காமல் ஒவ்வொரு கல்லையும் திட்டிக்கொண்டே காலால் நேராக்கினாள். வியர்வை ஷீலாவின் கழுத்தில் சுண்ணாம்போடு சேர்ந்து எரிந்தது. துளசிங்கம் பழக்கதோஷத்தில் பெட்ரூம் பக்கமிருந்து கிச்சனுக்குள் நடந்தவர், கட்டைவிரலை இடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தார்.

"அம்மாடியோவ்! இன்னா செவுருடா இது!"

"இப்ப தடிமன் போதுமாய்யா?" என்றாள் ஞானம்மாள்.

அங்காளம்மாள் கிச்சனுக்குள் போய் நின்றாள். கோகிலவாணியும் போனாள். இரண்டு பேர் இடுப்பும் இடித்துக்கொண்டன. ஃபிரிட்ஜுக்குப் போட்ட காவிச் சதுரத்தின் ஓரம் கல்லுக்குள் போய்விட்டது. அங்காளம்மாளின் முகம் விழுந்ததை ஷீலா பார்த்தாள். பார்த்தும் கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"அம்மா, ஒரு நாள் சமையலை ஆரம்பத்துலேருந்து செஞ்சு காட்டுங்க. மீன் குழம்புன்னு வெச்சுக்கோங்க."

"மீனா? மீனு பின்னாடி." அங்காளம்மாள் பால்கனிப் பக்கம் போய்த் தரையில் குந்தினாள். கையால் அருவாமணையை வைத்தாள், ஒரு காலால் அதை மிதித்தாள். "நின்னுக்கினு நறுக்க எனுக்கு வராது கண்ணு. காய்கூட குந்திகினுதான்."

"அப்ப மேடைல என்ன செய்வீங்க?"

"அடுப்பு. தாளிப்பு. அவ்ளோதான்."

ஷீலா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். கீழே உட்கார்ந்தாள். கிச்சனில் பாதி வேலை தரையில் நடக்கிறது. மோகன்ராஜின் படத்தில் மேடைக்குக் கீழே மூலைக்கு மூலை கம்பிக் கூடை, டிராயர். அவளுடைய படத்திலும் அப்படித்தான். நாலு வருஷப் பழக்கம். நின்று வேலை செய்கிறவர்களுக்குப் போட்ட கிச்சன்.

"இந்த இரண்டரை அடிக்கு மேடைக்குக் கீழ ஒண்ணும் வெக்கல. காலியா விட்டுடறேன். நீங்க காலை உள்ள நீட்டிக்கினு உக்காந்து நறுக்கலாம், கோகிலா மேடம் உங்களைத் தாண்டாம அடுப்பாண்ட நிக்கலாம். மீன் கழுவுறதுக்குப் பின்னாடி பால்கனில முழங்கால் உசரத்துல தொட்டி. ஃபிரிட்ஜ் வெளிய, ஹால் செவுத்தோரமா. பசங்க தண்ணிக்காக உள்ள வந்து காலை மிதிக்க மாட்டாங்க. டிராயர் குறையுது. அதுக்கு அடுப்புக்கு எதிர்ச் செவுத்துல, உங்க கை எட்டுற உசரத்துக்கு மட்டும் அலமாரி."

பேசிக்கொண்டே பிளாக்குகளை நகர்த்தினாள். மேடைக்கு இரண்டு கல் அடுக்கின்மேல் ஒரு பலகை. அங்காளம்மாள் அதற்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்தாள். கோகிலவாணி அவளைக் கடந்து அடுப்புக்குப் போய் நின்றாள், திரும்பினாள், வெளியே ஃபிரிட்ஜ் வரைக்கும் போய் வந்தாள். இடிக்கவில்லை. இன்னொரு தடவை வேகமாகப் போய் வந்தாள், ஸ்கூலுக்கு லேட்டான காலை மாதிரி. அப்போதும் இடிக்கவில்லை.

"இடம் அதேதானே?" என்றாள்.

"அதே ஏழடி நாலு அங்குலந்தான் மேடம்."

"ம்மா?"

அங்காளம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. "நாப்பது வருசமா அடுப்பாண்ட எல்லாரும் என்னத் தாண்டித் தாண்டிப் போறாங்க. இந்த வூட்ல தாண்ட மாட்டாங்கன்னா எனுக்கு இதுதான் வேணும்."

துளசிங்கம் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே, "அந்த வீடியோக்காரன் என்ன ஆவான்?" என்றார்.

"வேற யாரையாவது வெச்சு டேப் புடிப்பாரு" என்றாள் கோகிலவாணி. ஷீலாவின் பக்கம் திரும்பினாள். "கிச்சன் மட்டும் இல்ல. முழு வீடும் நீங்கதான். எங்க இடிக்குதுன்னு இப்படியே முகத்துக்கு நேரா சொல்லணும், அது ஒண்ணுதான் கண்டிஷன். கொட்டேஷன்ல உங்க பேர்தானே வரும்?"

"என் பேர்தான் மேடம்" என்றாள் ஷீலா. சுண்ணாம்புக் கையால் கண்ணைத் துடைக்கப் போனவளை ஜெரோம் கையைப் பிடித்து நிறுத்தினான். "எரியும்மே" என்றவன் தன் சட்டை நுனியால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டான், எல்லோருக்கும் எதிரிலேயே.

படியில் சத்தம் கேட்டது. இரண்டாவது மாடியில் ஃபிளாட் வாங்கியிருந்த வேதசிரோமணி என்பவரும் அவர் சம்சாரமும் தண்ணித் தொட்டியைப் பார்க்க ஏறி வந்தார்கள். மாடியில் வீடு நிற்பதைப் பார்த்துத் திகைத்துப்போனார்கள்.

"என்னங்க இது, மேல இன்னொரு மாடி கட்டுறாங்களா?"

"எங்க டிசைனர் வீட்டைக் காட்டுறாங்க" என்றாள் கோகிலவாணி.

அந்த அம்மாள் கல் வரிசைக்குள் எட்டிப் பார்த்தாள், மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த அங்காளம்மாளைப் பார்த்தாள். ஷீலாவிடம் மெதுவாகக் கேட்டாள். "எங்களுது இதே அளவுதாங்க. எங்களுக்கும் இந்த மாதிரி போட்டுக் காட்டுவீங்களா? எப்ப வரட்டும்?"

"இன்னிக்கே கல்லு கீது, சுண்ணாம்பு கீது" என்று ஞானம்மாள் முந்திக்கொண்டாள். "என் மருமவ கொஞ்சம் சோறு துன்னட்டும். அப்பால வாங்க."

தூக்குவாளி திறந்தது. எலுமிச்சைச் சாதம், கருவாட்டுத் தொக்கு. கல்மேல் உட்கார்ந்து சாப்பிட ஹாலில் ஆறு பேருக்கும் இடமிருந்தது. துளசிங்கம் தொக்கை இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டார். அங்காளம்மாள் கை கழுவத் தண்ணித் தொட்டிப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தாள். மணி பதினொன்று, தரை ஓடு தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. முன்சுவரில் கதவுக்கு விட்டிருந்த இடைவெளிக்கு வந்ததும் அவள் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். சூடு தாங்காமல் தத்தித் தத்தி ஹாலுக்குள் ஓடி வந்தாள்.

"மொட்ட மாடில எதுக்குடி செருப்பக் கழட்டற? கால் வெந்துடும்!" என்று துளசிங்கம் கத்தினார்.

"வூட்டுக்குள்ள செருப்போடயா வருவாங்க?"

ஷீலா சாதத்தைக் கையில் வைத்தபடி வாசலைப் பார்த்தாள். வெயிலில் அந்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, வழியை மறித்துக்கொண்டு கிடந்தது. ஆறு பேர் வீடு. அவள் படத்தில் செருப்புக்கு இடமே விடவில்லை.

தட்டைக் கீழே வைத்துவிட்டு, எச்சில் கையைத் தூக்கிப் பிடித்தபடி, இடது கையால் சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.